35 மில்லி: ஓர் எண்ணின் பூர்வீகம்

சேக்காட்டில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் என்னிடம் சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை நீட்டினார். சிகரெட்டின் வாய்ப்பக்கம் மாட்டிக்கொண்டு இழுக்கிற தனி ஃபில்டர்கள் உள்ளே இருந்தன. புகையில் உள்ள தாரைப் பெருமளவு குறைக்கும் என்று டப்பா மேல் அச்சிட்டிருந்தது. “குறையுதுன்னு போட்டிருக்கான் சார். எதை வெச்சு அளந்தான்னு போடலியே? நீங்கதான் பழைய காகிதமெல்லாம் தேடுறவராச்சே, பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

ஆயுள் முழுக்க மைக்ரோமீட்டரும் வெர்னியரும் பிடித்த கை. அளவு சொன்னால் அளந்த கருவி எது என்று கேட்காமல் விடாது. புகைப்பழக்கத்தைப் பற்றி எத்தனையோ படித்திருந்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை. அதன் பின்னாலேயே போனேன்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். அரை விரல் நீளத்துக்கு, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் சிகரெட்டைச் செருக வேண்டும், மறுமுனை வாய்க்கு. நடுவில் ஒரு தடுப்பு, தடுப்பில் ஊசிமுனை அளவுக்குத் துளைகள், துளைகளுக்கு நேர் எதிரே ஒரு சின்னச் சுவர். இழுக்கும்போது புகை அந்தத் துளைகளில் நெருக்கிக்கொண்டு வேகம் பிடிக்கிறது. எதிர்ச்சுவரை அடைந்ததும் வாயு வளைந்து போய்விடும். கனமான துளிகளால் அந்த வேகத்தில் வளைய முடியாது. சுவரில் மோதி அப்பிக்கொள்ளும். பெரியவர் உபயோகித்த ஒன்றை வாங்கி பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். சுவரோரம் கரும்பழுப்பில் பிசுக்கு. குண்டூசியால் தொட்டு எடுத்தால் நூல் விட்டது. அதன் வீச்சம் விரலில் சோப்புப் போட்ட பிறகும் இருந்தது.

“இவ்வளவும் என் நெஞ்சுக்குள்ள போயிருக்கணும், போகலை பாருங்க” என்று பெரியவர் சொன்னது உண்மைதான். அந்தத் துளி போகவில்லை. மீதி எவ்வளவு போயிற்று என்பதைத்தான் அந்தக் குழாய் காட்டாது.

சிகரெட் புகையில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று துளிகள். ஒரு மைக்ரானுக்கும் சிறிய, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள். தாரும் நிகோடினும் இவற்றில்தான் இருக்கின்றன. இன்னொன்று வாயு: கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு, ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை. சுவரில் மோத வைக்கிற குழாய் துளிகளில் பெரியவற்றைப் பிடிக்கும். வாயுவுக்கு அது திறந்த வாசல். ஆகவே ‘தார் குறையும்’ என்ற வாசகம் புகையின் ஒரு பகுதியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இவ்வளவும் வேதியியல் படித்த யாரும் சொல்லிவிடுவார்கள். அளந்த கருவியைக் கண்டுபிடிக்கத்தான் ஆவணங்களுக்குள் இறங்க வேண்டியிருந்தது.

காப்புரிமைப் பதிவுகளில் தொடங்கினேன். பன்னாட்டு வகைப்பாட்டில் ஏ24 என்ற தலைப்பு முழுக்கப் புகையிலைக்கு ஒதுக்கியது. அதில் ஏ24டி 3 ஃபில்டர்களுக்கு, ஏ24எஃப் 13 சிகரெட் ஹோல்டர்களுக்கும் அதில் மாட்டும் வடிகட்டிகளுக்கும். இந்த இரண்டு கட்டுகளையும் கால வரிசையில் புரட்டினால் மனிதன் புகையை வடிகட்ட எதையெல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறான் என்பது தெரியும். பஞ்சு, காகிதம், கரி, சிலிக்கா ஜெல், தண்ணீர் தோய்த்த நுரை. பெரியவரின் குழாயில் இருந்த மோதல் முறையும் புதிதில்லை. டார்கார்டு என்ற பெயரில் அமெரிக்காவில் போன நூற்றாண்டிலேயே விற்றது. ஜெர்மனியின் டெனிகோடியா ஹோல்டருக்குள் சிலிக்கா ஜெல் குச்சி வைத்தது.

இந்தக் கட்டின் அடியில் இருப்பவர் போரிஸ் ஐவாஸ் என்ற ஹங்கேரிக்காரர். 1925-ல் சுருக்கம் வைத்த காகிதத்தைச் சுருட்டி சிகரெட்டுக்கு ஃபில்டர் செய்யும் முறைக்கு உரிமை வாங்கினார். வியன்னாவில் காகித வியாபாரம் செய்த புன்ஸல் குடும்பம் அதைத் தயாரிக்க எடுத்துக்கொண்டது. அந்தக் குடும்பத் தொழிலிலிருந்து கிளைத்ததுதான் ஃபில்ட்ரோனா. அந்தப் பெயர் பிற்பாடு பெங்களூர் வரைக்கும் வந்தது, ஐடிசி ஃபில்ட்ரோனாவாக. இந்தியாவில் விற்ற எத்தனையோ ஃபில்டர் சிகரெட்டுகளின் வெள்ளைத் தக்கை அந்த ஹங்கேரிக் காகிதச் சுருளின் வம்சம்.

ஐவாஸ் காலத்தில் ஃபில்டருக்கு மவுசு இல்லை. 1950-ல்கூட அமெரிக்காவில் விற்ற சிகரெட்டில் நூற்றுக்கு ஒன்று தேறாது. 1960-ல் பாதிக்கு மேல். பத்தே வருஷத்தில் ஒரு நாட்டின் பழக்கம் இப்படித் தலைகீழாவதற்குக் காரணம் நுரையீரல் புற்றுநோய். 1950-ல் அமெரிக்காவில் விண்டரும் கிரஹாமும், பிரிட்டனில் டாலும் ஹில்லும் சிகரெட்டுக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கணக்கோடு காட்டினார்கள். 1952 டிசம்பரில் ரீடர்ஸ் டைஜஸ்ட் அதைச் சாமானிய வாசகரிடம் கொண்டுபோனது. 1953-ல் தாரைத் தடவிய எலிகளின் தோலில் புற்று வந்தது. 1954 ஜனவரி 4-ஆம் தேதி அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து 400-க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு, மக்கள் நலனே தங்களுக்குப் பெரிது என்றன. அந்த வருஷங்களில் பயந்து போன புகைப்பவனுக்குக் கையில் கொடுக்க ஒரு பொருள் தேவைப்பட்டது. ஃபில்டர் வந்தது.

அந்தப் பந்தயத்தில் 1952-ல் இறங்கியது லோரிலார்டு நிறுவனத்தின் கென்ட். அதன் ஃபில்டருக்கு மைக்ரோனைட் என்று பெயர். அணுசக்தி நிலையங்களில் காற்றைச் சுத்தம் செய்யும் அதே வகைப் பொருள் என்று விளம்பரம் சொன்னது. சிகரெட் சரித்திரத்திலேயே இவ்வளவு பெரிய உடல்நலக் காப்பு வந்ததில்லை என்றும் சொன்னது. மைக்ரோனைட்டில் இருந்தது குரோசிடோலைட், அதாவது நீல ஆஸ்பெஸ்டாஸ். ஆஸ்பெஸ்டாஸ் வகைகளில் மிகக் கொடியது. 1956 வரை அது ஃபில்டரில் இருந்தது. பழைய கென்ட் பாக்கெட்டுகளைத் தேடிப் பிடித்து 1995-ல் பரிசோதித்தவர்கள், புகையோடு ஆஸ்பெஸ்டாஸ் இழைகளும் வாய்க்கு வருவதைக் கண்டார்கள்.

புகைத்தவர்களின் கதி ஒரு பக்கம். அந்த ஃபில்டரைச் செய்தவர்களின் கணக்கு 1989-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. மாசசூசெட்ஸில் ஒரு தொழிற்சாலை. 1953-ல் அங்கே வேலை பார்த்த 33 ஆண்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். சாதாரணமாக அந்த வயதுக்காரர்களில் எட்டு பேர் இறந்திருக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. இறந்தவர்கள் 28 பேர். புற்றுநோயும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் நுரையீரல் தழும்பும் அவர்களைக் கொண்டுபோயின. இந்தப் பக்கத்தை நான் வேகமாகக் கடந்து போக முடியவில்லை. ஆவடி, அம்பத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஷிஃப்ட் முடிந்து தூசியோடு சைக்கிளில் வீட்டுக்கு வருகிற அப்பாக்களைத் தெரியும். அடுத்தவனின் நெஞ்சைக் காப்பாற்றுகிற பொருள் என்று நம்பித்தானே அந்த 33 பேரும் அதைச் செய்திருப்பார்கள்?

இந்தியாவில் இந்த அலை எப்படி வந்தது என்று பார்க்க இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ரயிலேறி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். அறுபதுகள், எழுபதுகளின் ஆங்கில வார இதழ்களைப் புரட்டினால் வில்ஸ் ஃபில்டர் விளம்பரத்திலிருந்து தப்ப முடியாது. ஓர் இளைஞன், ஒரு பெண், பொருத்தமான ஜோடி. ‘மேட் ஃபார் ஈச் அதர்’ என்ற வாசகம். ஃபில்டரும் புகையிலையும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை என்பது அதன் சாரம். அமெரிக்க விளம்பரத்தின் அணுசக்தி நிலையம் இங்கே இல்லை. பேச்செல்லாம் பொருத்தத்தையும் சுவையையும் பற்றி. நலம் என்று ஒரு சொல் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று என்றுதான் நான் நினைக்கிறேன். ஃபில்டர் என்ற பெயரே அதைச் சொல்லிவிட்டது.

பெரியவரிடம் அவருடைய வரிசையைக் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்தபோது ஃபில்டர் இல்லாத சிசர்ஸ். கல்யாணத்துக்கு அப்புறம் வில்ஸ் ஃபில்டர். மாமனார் நெஞ்சடைத்துப் போனதும் விலை கூடிய வேறு ஒன்று, லேசானது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி. இப்போது இந்தக் குழாய். “ஒவ்வொரு தடவையும் விட்டுடலாம்னு முடிவு பண்ணினப்பதான் சார் மாத்தினேன்” என்றார். இந்தத் தேடலில் நான் பார்த்த எந்தக் காகிதத்தை விடவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எடை அதிகம். ஃபில்டர் எதைப் பிடித்து வைக்கிறது என்பதற்கான பதில் அதில் இருக்கிறது: வெளியேறப் போகிறவனை.

இது என் யூகம் மட்டும்தானா, அல்லது செய்தவர்களுக்கும் தெரிந்திருந்ததா என்பதற்கு இன்னொரு ஆவணக் கட்டு உண்டு. 1998-ல் அமெரிக்காவின் 46 மாநிலங்கள் புகையிலை நிறுவனங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டில் நிறுவனங்களின் உள்காகிதங்களைப் பொதுவில் வைக்க வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாக நூலகம் அவற்றைத் திரட்டி வைத்திருக்கிறது. ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் அதிகமான ஆவணங்கள். ஆராய்ச்சிக் குறிப்பு, கடிதம், கூட்ட நடவடிக்கை, செலவுச்சீட்டு எல்லாம் அதில் உண்டு. சேக்காட்டில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம்.

அதில் 1953-ஆம் வருஷத்துக் குறிப்பு ஒன்று. எழுதியவர் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் கிளாட் டீக். புகை பட்டதும் நிறம் மாறுகிற ஃபில்டர் செய்யலாம் என்பது யோசனை. நிறம் மாறுவதால் வடிகட்டும் திறன் பெரிதாகக் கூடப்போவதில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் அதனால் கிடைக்கும் லாபம் கண்கூடு என்பது அவர் வாதம். புகைப்பவன் கடைசியில் ஃபில்டரைத் திருப்பிப் பார்ப்பான், பழுப்பாகியிருக்கும், வேலை செய்திருக்கிறது என்று நம்புவான். படித்து முடித்ததும், அறுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் குழாயை எடுத்துப் பார்த்தேன். அது ஏன் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகிறது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கவில்லை. இந்தக் குழாயில் சேர்வது நிஜமான பிசுக்கு, சாயம் இல்லை. ஆனால் கண்ணுக்குக் காட்டி மனசுக்கு ஆறுதல் சொல்லும் வேலையில் இரண்டும் ஒன்று.

புகையிலை நிறுவனங்கள் செய்ததால்தான் பொய்த்தது, வெளியாள் ஒருவர் நல்ல எண்ணத்தோடு செய்தால் பலிக்குமே என்று ஒருவர் கேட்கலாம். அப்படியும் நடந்திருக்கிறது. 1967 ஜூலை 13-ஆம் தேதி நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவர் கிரேசன் கிர்க் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். ராபர்ட் ஸ்ட்ரிக்மன் என்ற நியூ ஜெர்சி வேதியியலாளர் புதிய ஃபில்டர் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார், தாரையும் நிகோடினையும் இருப்பவற்றை விட வெகுவாகக் குறைக்கிறது, அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தருகிறார் என்று அறிவித்தார். மருத்துவக் கல்லூரி வைத்திருக்கிற, உலகம் மதிக்கிற ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரைக் கொடுத்து நின்றது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதன் பிறகு சோதனைகள் நடந்தன. அறிவிப்பில் சொன்ன அளவுக்கு அந்த ஃபில்டரில் விசேஷம் இல்லை. இழுப்பதற்கும் கடினம். 1968-ல் கொலம்பியா கைகழுவியது.

அறிவிப்பு முதலில், சோதனை பிறகு. கொலம்பியா மாதிரி ஓர் இடமே அந்த வரிசையில் போயிற்று என்பது எனக்கு வருத்தம் தந்த விஷயம். நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசையும் வருமானம் வரும் என்ற ஆசையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் அளவுகோலைக் கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

ஆக, அந்த அளவுகோல். ஒரு சிகரெட்டில் இத்தனை மில்லிகிராம் தார் என்றால் யார் புகைத்து அளந்தது? இயந்திரம் புகைத்தது. வரிசையாகச் சிகரெட்டுகளைப் பொருத்தி, ஒரு பம்பு இழுக்க, புகை மெல்லிய கண்ணாடி இழைத் தட்டு ஒன்றின் வழியாகப் போகும். தட்டில் படிந்ததை எடை போட்டு, தண்ணீரையும் நிகோடினையும் கழித்தால் மீதி தார். இழுப்பு ஒவ்வொன்றும் 35 மில்லி. இரண்டு வினாடி. நிமிடத்துக்கு ஒரு தடவை. 1967-லிருந்து அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த முறையில்தான் எல்லாச் சிகரெட்டையும் அளந்தது. பன்னாட்டுத் தர நிறுவனத்தின் முறையும் இதே அளவில்தான். ‘லைட்’, ‘மைல்டு’ என்று உலகம் முழுக்க விற்ற சிகரெட்டுகள் எல்லாம் இந்த 35 மில்லியின் பிள்ளைகள்.

35 எங்கிருந்து வந்தது? அடிக்குறிப்பிலிருந்து அடிக்குறிப்பாகப் பின்னால் போனால் பாதை 1936-ல் போய் நிற்கிறது. தொழில்துறை வேதியியல் இதழ் ஒன்றில் பிராட்ஃபோர்டு, ஹார்லன், ஹான்மர் என்ற மூவர் எழுதிய கட்டுரை. மூவரும் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். சிகரெட்டுப் புகையைச் சோதனைச் சாலையில் எப்படி உண்டாக்குவது என்பது விஷயம். ஒரே சீராக இழுத்தால்தான் ஒரு சிகரெட்டை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். அதற்காக 35 மில்லி, இரண்டு வினாடி, நிமிடத்துக்கு ஒன்று என்று தாங்களே ஒரு வேகத்தை வைத்துக்கொண்டார்கள். மனிதர்கள் இப்படித்தான் புகைக்கிறார்கள் என்று அவர்கள் சாதிக்கவில்லை. புற்றுநோய்க் கணக்குகள் வர இன்னும் பதினாலு வருஷம் இருந்த காலம் அது. சரக்கை ஒப்பிட ஓர் ஆய்வகம் வசதிக்கு வைத்துக்கொண்ட எண், முப்பது வருஷம் கழித்து, இந்தச் சிகரெட் உன்னை எவ்வளவு கெடுக்கும் என்று கோடிக்கணக்கானவர்களுக்குச் சொல்லும் எண்ணாகப் பதவி உயர்ந்துவிட்டது.

பெரியவருக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. “கேஜே தப்புங்கிறீங்க” என்றார்.

கேஜ் தப்பு என்பதை விடவும் ஒரு படி மோசம். இயந்திரத்துக்கு ஏக்கம் கிடையாது. மனிதன் புகைப்பது நிகோடினுக்காக. நிகோடின் இருப்பது தார் இருக்கிற அதே துளிகளில். ஃபில்டர் துளியைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். நிகோடின் குறைந்ததும் உடம்பு கணக்குக் கேட்கும். இழுப்பு நீளும், ஆழமாகும், இடைவெளி குறுகும், கடைசி வரை இழுக்கத் தோன்றும், பத்துக்குப் பன்னிரண்டாகும். ஆட்களை உட்கார வைத்து அளந்த ஆய்வுகளில் இழுப்பு 50 மில்லியை ஒட்டி வருகிறது, இடைவெளி அரை நிமிடத்துக்கும் குறைவு. 1983-ல் நீல் பெனோவிட்ஸும் அவர் குழுவும் பெட்டி மேல் அச்சிட்டிருந்த எண்ணை ஒதுக்கிவிட்டு, புகைப்பவர்களின் ரத்தத்தில் கோட்டினின் என்ற பொருளைப் பார்த்தார்கள். உடம்புக்குள் போன நிகோடின் மாறி நிற்கும் வடிவம் அது. குறைந்த அளவுச் சிகரெட் புகைத்தவர்கள் குறைவாக நிகோடின் எடுக்கவில்லை. ரத்தம் பெட்டியை மறுத்தது.

நிறுவனங்கள் ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போட்டன. இயந்திரம் இழுக்கும்போது அவற்றின் வழியே வெளிக்காற்று கலந்து புகை நீர்த்துவிடும், எண் இறங்கும். மனிதன் பிடிக்கும்போது விரலோ உதடோ அதே துளைகளை மூடிக்கொள்ளும். தனியாக மாட்டும் குழாய்க்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. துளை போட்ட சிகரெட்டை அதற்குள் ஆழமாகச் செருகினால் அந்தத் துளை வரிசை குழாய்ச் சுவருக்குள் போய் அடைபட வாய்ப்பிருக்கிறது. வடிகட்டப் போட்ட குழாயே புகையை நீர்க்கச் செய்யும் காற்றை நிறுத்திவிடும். இதையெல்லாம் கணக்கில் கொண்டு கனடா தன் சோதனையை மாற்றியது: 55 மில்லி, அரை நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, துளைகள் முழுக்க அடைத்து. அமெரிக்கக் கமிஷன் 2008-ல் பழைய முறைக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. 2014-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை இன்னும் மேலே போனது. துளை போட்ட ஃபில்டர் உள்ளிட்ட வடிவ மாற்றங்களுக்குப் பிறகு, அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்று புகைப்பவர்களிடையே கூடியிருக்கிறது என்றது. ஆழமாக இழுத்த புகை ஆழமான இடத்துக்குப் போனது.

இவ்வளவும் வெளிநாட்டுக் கதை. எங்கள் பக்கத்துக் காகிதம் ஒன்று இருக்கிறது. அதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். 2003 ஆகஸ்டில் லான்செட் இதழில் வந்தது. சென்னையைச் சேர்ந்த வி. கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சக ஆய்வாளர்களும் செய்தது. சென்னை நகரத்திலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்கள். களப்பணியாளர்கள் அந்தக் குடும்பங்களைத் தேடிப் போய், எதனால் போனார், புகைப்பாரா, பீடியா சிகரெட்டா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். கூடவே உயிரோடிருக்கும் 35,000 ஆண்களை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். முடிவு மேலைநாட்டுக் கணக்குகளை மட்டும் படித்தவர்களைத் திடுக்கிட வைக்கும். இங்கே புகை பெருமளவில் கொண்டுபோவது காசநோய் வழியாக. புகைப்பவர்கள் டிபியில் இறக்கும் விகிதம் புகைக்காதவர்களைப் போல் நாலு மடங்குக்கு மேல். ஆண்களின் டிபி சாவுகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகையே காரணம்.

வாசல் வாசலாகப் போய், துக்க வீட்டில் உட்கார்ந்து சேர்த்த எண்கள் இவை. 35 மில்லியின் பூர்வீகத்தையும் இந்த 43,000-த்தின் பூர்வீகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எதை நம்பி ஒரு மனிதன் முடிவெடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாட்டும் ஃபில்டரின் டப்பாவில் காசநோய் என்ற சொல் இருக்காது. தார், புற்று என்று பேசுகிற அந்த மொழி வேறொரு நாட்டுப் பயத்துக்காக எழுதியது.

பீடியை எந்த ஃபில்டர்க்காரரும் நினைப்பதே இல்லை. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் நூறு பெரியவர்களில் சிகரெட் புகைப்பவர்கள் 4 பேர், பீடி 8 பேருக்குச் சற்றுக் குறைவு. சிகரெட் அளவுக்குச் செய்த குழாயில் பீடி சரியாக நிற்காது. விலைக்கும் அந்தக் கைக்கும் ஒட்டாது.

குறைத்தால் குறைந்த அளவுக்காவது நல்லதுதானே என்பார்கள். அதற்கும் அளந்த விடை உண்டு. 2008-ல் பிரபாத் ஜாவும் குழுவும் இந்தியா முழுவதும் எடுத்த கணக்கில், ஒரு நாளைக்கு ஏழு சிகரெட்டுக்கு மேல் போகாதவர்களுக்கே சாவு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பு. இதய நோயில் இது இன்னும் பட்டவர்த்தனம். 2018-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கு வரும் கூடுதல் இதய அபாயம், இருபது புகைப்பவருக்கு வருவதில் பாதியை ஒட்டி நிற்கிறது. இருபதில் ஒரு பங்கு என்று மனக்கணக்குப் போட்டால் தப்பு. புகையில் பாதியை ஒரு குழாய் நிஜமாகவே பிடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் இதயத்துக்குப் பாதி பயம் குறையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கடைசியாகப் பார்த்தேன். 2003-ஆம் வருஷத்துச் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், பெட்டியில் நிகோடின், தார் அளவுகளைக் குறிக்க வேண்டும் என்றும் பரிசோதனை ஆய்வகங்கள் வேண்டும் என்றும் எழுதியது. ஆய்வகங்கள் வந்தது 2019-ல், மும்பை, குவாஹாட்டி, நொய்டாவில். இடையில் போன வருஷங்களில் அந்த எண்கள் பெட்டியில் ஏறாமல் போனதை நான் நஷ்டமாக நினைக்கவில்லை. 35 மில்லி எண்ணை அச்சிட்டிருந்தால் இன்னும் எத்தனையோ பேர் ‘லேசானது’க்கு மாறிக்கொண்டு விடாமல் இருந்திருப்பார்கள். 2016 ஏப்ரலிலிருந்து பெட்டியில் 85 சதவீத இடத்தைப் பிடித்திருக்கும் எச்சரிக்கைப் படம் அதை விட நேர்மையான தகவல்.

ஆனால் மாட்டும் குழாய் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. சட்டத்தின் அட்டவணையில் சிகரெட், சுருட்டு, பீடி, மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை, குட்கா, புகையிலை சேர்ந்த பல்பொடி வரைக்கும் பெயர் சொல்லியிருக்கிறது. புகையிலையே இல்லாத பிளாஸ்டிக் துண்டுக்கு அதில் இடமில்லை. அதனால் எச்சரிக்கைப் படம் கிடையாது. ‘லைட்’, ‘மைல்டு’ என்று சிகரெட் பெட்டியில் போட விதிகள் தடுக்கின்றன, அதே பொருளில் ஒரு வாக்கியத்தைக் குழாயின் டப்பாவில் அச்சிட முடிகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைத் தண்டிக்கலாம். அதற்கு யாராவது முதலில் பெரியவரின் கேள்வியை வழக்காகக் கொண்டுபோக வேண்டும். அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது அதை விடச் சுலபம் என்பது என் கட்சி: சிகரெட்டோடு சேர்த்துப் புகைப்பதற்கென்று விற்கும் எந்தத் துணைப்பொருளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்ற ஒரு வரி.

அளக்க வேண்டுமென்றால் அளக்கவும் வழி இருக்கிறது. இயந்திரம் வேண்டாம், புகைப்பவரையே அளக்கலாம். புகைப்பழக்கத்தை விடுவிக்கும் மையங்களில் கையடக்கமான ஒரு கருவி வைத்திருப்பார்கள். மூச்சைச் சில வினாடி அடக்கி, அதன் குழாயில் ஊத வேண்டும். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை இருநூறு மடங்குக்கு மேல் பிடிப்போடு பறித்துக்கொள்ளும் வாயு அது. மோதும் சுவருக்கும் பஞ்சுக்கும் கரிக்கும் அது சிக்காது. சுரங்க முகமூடிகளில் அதை மாற்றிவிட ஹாப்கலைட் என்ற பொருளை வைப்பார்கள், ஆனால் ஈரம் பட்டால் ஹாப்கலைட் செத்துவிடும், சிகரெட் புகையோ ஈரமானது. நாள் முழுக்கப் புகைக்கும் ஒருவருக்குக் கருவியில் பத்துக்கு மேல் காட்டும். குழாயை மாட்டி ஒரு வாரம், மாட்டாமல் ஒரு வாரம் புகைத்துவிட்டு ஊதச் சொன்னால், டப்பா மேல் அச்சிட்ட வாக்கியத்துக்கு இரண்டே வாரத்தில் பதில் கிடைக்கும். விற்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்து, எண்ணை டப்பாவிலேயே போடட்டும். சிகரெட்டை நிறுத்தியவர்களுக்கு அந்த எண் இறங்க ஒன்றிரண்டு நாள் போதும். விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசியில் கூப்பிடலாம்.